திங்க் செக் சப்மிட்: கட்டுரை அனுப்பும் முன் பார்க்க வேண்டிய தளம்

வேலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். பிஎச்டி மாணவர்கள் போனை நீட்டிக் காட்டும் செய்திகள் எல்லாம் ஒரே ரகம்: ஸ்கோபஸ் (ஜர்னல்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் தரவுத்தளம்) ஜர்னல், ஒரே வாரத்தில் அக்செப்டன்ஸ், இன்றே பணம் கட்டினால் சலுகை. யுஜிசி கேர் பட்டியல் (பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஜர்னல்களின் பட்டியல்) இருந்தவரை அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டதாக யுஜிசி அறிவித்த பிறகு, மாணவரும் கைடும்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அதற்கு உதவுவதுதான் திங்க் செக் சப்மிட். 2015 முதல் இயங்கும் இந்த இலவசத் தளத்தில் நல்ல ஜர்னல், கெட்ட ஜர்னல் என்று பட்டியல் கிடையாது. கேள்விகள்தான் இருக்கும். பதிப்பாளரைத் தொடர்புகொள்ள முடிகிறதா, கட்டணம் எவ்வளவு, எதற்கு என்று முன்பே சொல்கிறார்களா, கட்டுரையை யார் எப்படி மதிப்பிடுகிறார்கள், ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களா, இப்படி. எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிக் கேள்வி. குழுவில் இரண்டு பெயரை எடுத்து, அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த ஜர்னலைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் அவர்களுக்கே மெயில் போட்டுக் கேளுங்கள், தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாத பேராசிரியர்கள் உண்டு.

குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு மாணவி, உதவித்தொகைகூட இல்லாதவர், இப்படி ஒரு ஜர்னலுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டினார். சந்தேகம் வந்து கட்டுரையைத் திரும்பக் கேட்டால் அதற்கும் பணம் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே வெளியிட்டும் விட்டார்கள். ஒரு முறை வெளியானதை வேறு நல்ல ஜர்னலுக்கு அனுப்ப முடியாது, அந்த உழைப்பு மொத்தமும் போயிற்று. இதைப் பார்த்த பிறகு எனக்கு ஆறவே இல்லை.

குறையும் உண்டு. உண்மையான ஜர்னலின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் (ஒவ்வொரு ஜர்னலுக்கும் தரப்படும் அடையாள எண்) அப்படியே எடுத்துப் போலித் தளம் நடத்துபவர்களிடம் இந்தக் கேள்விகள் மட்டும் போதாது. அப்போது ஐஎஸ்எஸ்என் போர்ட்டலில் இருக்கும் இணைய முகவரியோடு ஒப்பிடுங்கள், திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் வைத்திருக்கும் போலித் தளங்களின் பட்டியலையும் பாருங்கள். ஸ்கோபஸ் என்று சொன்னால் ஸ்கோபஸ் தளத்திலேயே தேடுங்கள், அதுவும் இலவசம், சேர்த்துவிட்டுப் பிறகு நிறுத்தப்பட்ட ஜர்னலா என்பதும் அங்கே தெரியும். ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) ஜர்னல் என்றால், அத்தகைய ஜர்னல்களின் பட்டியலான டிஓஏஜே தளத்தில் தேடுங்கள். ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரத்துக்குச் சான்று இல்லை, அதை வாங்குவது சுலபம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. கைடுகளும் மாணவர்களோடு உட்கார்ந்து ஒரு தடவை இதைப் பார்த்துவிடுங்கள், பணம் கட்டச் சொல்லி மெயில் வருவதற்கு முன்பே.