சுடுவது பிடிக்காதவருக்கு எந்த ஃபேண்டஸி ஆர்பிஜி (பாத்திரமேற்று விளையாடும் கேம்)?

"சுடுகிற கேம் வேண்டாம், மாயாஜாலக் கதை மாதிரி ஒன்று தாங்க" என்று கேட்டால் வாள் படம் போட்ட ஏதாவது ஒன்று கைக்கு வந்துவிடும். அட்டையில் துப்பாக்கி இல்லை என்பதற்காக உள்ளே சுடுவது இல்லை என்று நம்பக்கூடாது. வில், குறுக்குவில், மந்திரக்கோல் எல்லாம் பல கேம்களில் துப்பாக்கியின் வேலையைத்தான் பார்க்கின்றன. திரையின் நடுவில் ஒரு புள்ளி இருக்கும். ஓடுகிற எதிரியின் மேல் அதை வைத்து அழுத்த வேண்டும். ஆகவே விளையாடப்போகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எது பிடிக்கவில்லை என்பது. துப்பாக்கியா, குறிபார்ப்பதா, அல்லது பாத்திரத்தின் கண்வழியே பார்க்கும் கேமராவில் தலை சுற்றுகிறதா? மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

குறிபார்ப்பதுதான் பிரச்சினை என்றால் யோசிக்காமல் எடுக்கக்கூடியது 'டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2'. லேரியன் ஸ்டூடியோஸ் 2017இல் வெளியிட்டது; வாங்குவதானால் 2018இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன். சண்டை முறைவைத்து நடக்கும். உங்கள் முறை வந்தால் அரை மணித்தியாலம் யோசித்தாலும் எதிரி அசையமாட்டான். இதிலும் வில்லாளி உண்டு. ஆனால் எதிரியின் மேல் கிளிக் செய்வதோடு உங்கள் வேலை முடிந்தது, மிச்சத்தைக் கேமே கணக்குப் பார்க்கும். சாதாரண பாத்திரத்துக்கு ஒரு முறைக்கு 4 செயல் புள்ளிகள் கிடைக்கும், செலவழிக்காமல் வைத்தால் 6 வரை சேரும்.

இங்கே பலர் இடறுவது கவசக் கணக்கில். உயிர்ப்பட்டையோடு இரண்டு கவசப் பட்டைகள் இருக்கும்: சாம்பல் நிறத்தில் உடல் கவசம், நீலத்தில் மாயக் கவசம். உடல் கவசம் பூச்சியமாகும் வரை எதிரியைத் தள்ளி விழுத்த முடியாது. மாயக் கவசம் இருக்கும் வரை உறையவைக்க முடியாது. நாலு பேரில் இரண்டு பேரை வாளுக்கும் இரண்டு பேரை மந்திரத்துக்கும் பிரித்தால் இரண்டு கவசமும் பாதி பாதி உடைந்து நிற்கும், எதிரி நிம்மதியாக அடிப்பான். முதல் தீவான ஃபோர்ட் ஜோயிலேயே கேமை மூடிவைப்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். மூன்று பேரை ஒரே வகைத் தாக்குதலுக்கு வைத்தால் அதே சண்டை பாதி நேரத்தில் முடியும். பாத்திரத்தின் திறமைகளுக்குத் தவறாகப் புள்ளி போட்டுவிட்டாலும் பயமில்லை. தீவை விட்டுப் புறப்படும் கப்பலின் கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதில் எல்லாவற்றையும் செலவில்லாமல் திருப்பி ஒதுக்கலாம், எத்தனை தரமும். இன்னொன்று: தண்ணீரில் மின்னலை விட்டால் அதில் நிற்கும் உங்கள் ஆளுக்கும் சேர்த்து அடிக்கும். மந்திரத்தை ஏவுமுன் காலடியைப் பாருங்கள்.

அதே நிறுவனத்தின் 'பால்டர்ஸ் கேட் 3' (2023) இதைவிடப் பெரியது, அழகானது, ஆனால் கணினியை வாட்டும். 150 ஜிபி இடம் வேண்டும், அதுவும் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கில். பழைய ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் சுவர்களும் முகங்களும் தாமதமாக வரும். கதையின் மூன்றாம் பாகத்து நகரத்தில் ப்ரொசெசர் பலவீனமாக இருந்தால் ஓட்டம் தெளிவாகவே குறையும். தாக்குமுன் அடி படும் வாய்ப்பை எதிரியின் மேல் சதவீதமாகக் காட்டும். 65 என்றால் மூன்றுக்கு ஒன்று தவறும், அதற்காக மவுஸைக் குறைசொல்லிப் பயனில்லை. எதிரி பக்கத்தில் நிற்கும்போது வில்லை எடுத்தால் சதவீதம் சரியும். விலகி ஓடினால் அவனுக்கு ஒரு இலவச அடி. அந்த நேரத்தில் கைவாள்தான் புத்தி. பாத்திரத்தின் வகுப்பு (போர்வீரனா, மந்திரவாதியா என்பது) பிடிக்கவில்லையென்றால் முகாமில் இருக்கும் விதர்ஸ் என்பவரிடம் 100 தங்கம் கொடுத்து மாற்றலாம். இது வளர்ந்தவர்களுக்கான கேம். நிர்வாணக் காட்சிகளை செட்டிங்ஸில் அணைக்கலாம், இரத்தமும் பேச்சும் அப்படியேதான் இருக்கும்.

துப்பாக்கிதான் பிடிக்காது, விரல் வேகம் பரவாயில்லை என்பவருக்கு 'த விட்சர் 3' (2015) இன்றைக்கும் மலிவான நல்ல தெரிவு, அதுவும் தள்ளுபடி நாட்களில். முழுக்க வாள்தான். குறுக்குவில் ஒன்று கொடுப்பார்கள். பறக்கும் பிராணிகளை 'ஆர்ட்' என்ற தள்ளும் மந்திரத்தாலும் கீழே விழுத்தலாம். தண்ணீருக்கடியில் மட்டும் வில் தவிர வழியில்லை. அங்கேயும் பட்டனை அழுத்திப் பிடிக்காமல் சட்டென்று தட்டினால் தானாகவே குறிவைத்து எய்யும். சண்டைக்கு நடுவில் சேவ் செய்ய முடியாது என்பது கரண்ட் போகிற வீடுகளில் கவனிக்க வேண்டிய விஷயம். மேலே சொன்ன இரண்டிலும் சண்டை நடுவிலேயே எஃப்5 அழுத்திவிடலாம். கணினி கொஞ்சம் பழசு என்றால் தொடங்கும்போது கிராஃபிக்ஸ் முறையாக டைரக்ட்எக்ஸ் 11ஐத் தெரிவு செய்யுங்கள்.

'ஸ்கைரிம்' (2011) எல்லாரும் சிபாரிசு செய்வது. எங்கள் கணக்கில் இது அரைகுறைப் பொருத்தம். கண்வழிக் கேமராவில் தலை சுற்றுபவர் கேமராவைப் பின்னால் தள்ளி, வாளும் கேடயமுமாக விளையாடலாம். ஆனால் தீ மந்திரங்களில் பெரும்பாலானவற்றைக் குறிபார்த்தே விட வேண்டும். டிராகனை வலுக்கட்டாயமாகத் தரையிறக்கும் மந்திர முழக்கம் கதையில் வெகுநேரம் போன பிறகுதான் கிடைக்கும். அதுவரை அது தானாக இறங்கும்வரை வாளோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பூதங்களை வரவழைக்கும் மந்திரத்தை வளர்த்தால் உங்களுக்குப் பதில் அவை தாக்கும்.

'ஹொக்வார்ட்ஸ் லெகசி'யைச் சுடுவது பிடிக்காதவருக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். குறி தானாகவே எதிரியின் மேல் விழும் என்பது உண்மை. ஆனாலும் ட்ரிகரை அழுத்தி அழுத்தி மந்திரக்கோலால் ஒளியை எய்வதுதான் சண்டையே. 2025இல் வந்த 'கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' முறைவைத்து நடப்பது என்று விளம்பரம், உள்ளே குறிபார்த்துச் சுடும் வசதியும் இருக்கிறது, எதிரியின் அடியைத் தட்டிவிட நொடிப்பொழுதில் பட்டன் அழுத்தவும் வேண்டும். 'அவவ்ட்'டில் பிஸ்டலே வரும்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு என்றால் 'டிராகன் குவெஸ்ட் 11 எஸ்'. மெனுவில் தெரிவுசெய்து அடிப்பது, கூட்டாளிகளைத் தாமாகவே சண்டைபோட விடலாம், டெமோ இலவசம். அந்த டெமோ பல மணித்தியாலம் நீளும், அதில் சேவ் செய்ததை முழுக் கேமுக்கும் கொண்டுபோகலாம். இந்தக் கேம்கள் எதிலும் தமிழ் வசன வரி கிடையாது. டிராகன் குவெஸ்டில் ஒரு ஊர்க்காரர்கள் ஹைக்கு கவிதையாகவே ஆங்கிலம் பேசுவார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பது நல்லது.

கொழும்பில் வாங்கும் வழி. கணினிக் கேம்களை விற்கும் ஒன்லைன் கடையான ஸ்டீமில் விலை டொலரில் காட்டும். வங்கி அட்டையில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவைத் திறந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசிப் படியில் மறுத்துவிடும். இலங்கைக்கென்று தனி பிளேஸ்டேஷன் ஸ்டோர் இல்லாததால் இங்குள்ளவர்கள் வேறு நாட்டுக் கணக்கையே பயன்படுத்துகிறார்கள். டிஸ்க் எந்த நாட்டினதும் ஓடும், ஆனால் கூடுதல் பாகங்கள் டிஸ்க்கின் நாட்டோடு பொருந்தாவிட்டால் வேலை செய்யாது. பாகங்கள் எல்லாம் சேர்ந்து வரும் பதிப்பாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும் 'அக்கவுன்ட் கேம்' என்பது பல பேர் பகிரும் கணக்கு. பாஸ்வேர்ட் மாறினால் கேம் போய்விடும். பால்டர்ஸ் கேட் 3இன் 150 ஜிபியை டேட்டா தீரும் மாதக் கடைசியில் இறக்கப் பார்க்காதீர்கள். பெக்கேஜில் இரவு நேர டேட்டா தனியாக இருந்தால் அதில் போடுங்கள்.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பிடிக்குமா என்று பார்க்க அந்த நேரம் போதும். பால்டர்ஸ் கேட் 3இல் மட்டும் கவனம்: மூக்கையும் முடியையும் திருத்துவதிலேயே ஒரு மணித்தியாலம் கரைந்துவிடும், அதுவும் கணக்கில் சேரும். சோதித்துப் பார்க்கையில் தயாராக இருக்கும் பாத்திரங்களில் ஒன்றை எடுத்து நேரே போங்கள், முதல் சண்டை சில நிமிடங்களில் வந்துவிடும்.