‘டி.என்.ஏ. டெஸ்ட்’ என்று 72,500 ரூபா வாங்கிக்கொண்டு வெறும் சாதாரண இரத்த டெஸ்ட் செய்து தந்தார்கள் – திருகோணமலையில் 35 வயது தாண்டிய கர்ப்பிணிகள் கவனம்

72,500 ரூபா. காசாக எண்ணிக் கொடுத்தது. கார்ட் என்றால் 3 வீதம் கூட என்று சொன்னதால் தம்பி டவுனுக்குப் போய் இரண்டு மெஷினில் மாறி மாறி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்த காசு.

இடத்தின் பெயரை இப்போதைக்குப் போடவில்லை, முறைப்பாடு போகிறது. ஊருக்குள் இரத்தம் எடுத்து வெளியூர் லேப்புக்கு அனுப்புகிற நிலையம், அவ்வளவுதான். இப்படியான இடங்கள் திருகோணமலையில் இப்போது கூடிக்கொண்டே வருகின்றன. எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எதைக் கேட்பது என்று தெரியாமல் போனால் நல்ல இடமும் கெட்ட இடமும் ஒரே மாதிரித்தான் தெரியும்: அதே ஏசி, அதே கதிரை, அதே கண்ணாடிக் கதவு.

மச்சாளுக்கு 40 வயது, முதல் பிள்ளை. அம்மாவின் வயது கூடினால் பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் (21ஆம் நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக இருக்கிற பிறவி நிலை) வாய்ப்புக் கூடும் என்பது உண்மை. 35இல் ஏறத்தாழ 350க்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று, 45இல் 30க்கு ஒன்று. பயம் இருக்கிற இடத்தில் வியாபாரம் நடக்கும். கவுண்டரில் இருந்தவ லேமினேட் பண்ணிய ஒரு படத்தை எடுத்து வைத்தா, டி.என்.ஏ. ஏணி முறுக்கிக்கொண்டு நிற்கிற படம். “கொழும்புக்கு ஏன் அலையிறீங்க அக்கா, இஞ்சயே எடுத்து அனுப்பலாம். பிள்ளையிட டி.என்.ஏ.யை உங்கட இரத்தத்தில இருந்து பாக்கிறது. எல்லாமே பாக்கும்.” என்.டி. ஸ்கேன் (பிள்ளையின் பிடரி நீரை அளக்கிற ஸ்கேன்) எடுக்க வேணுமா என்று மச்சாள் கேட்டதற்கு, “இது எடுத்தா அது தேவையே இல்லை” என்று பதில். பிறகு இரத்தம் எடுக்க வந்த பிள்ளை, “உங்கள பத்திரகாளி அம்மன் கோயில்ல கண்டிருக்கிறன்” என்று கதைத்துக் கதைத்தே ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிட்டா. ஊசிக்குப் பயந்த ஆள் மச்சாள். அந்த இடத்தில்தான் நம்பிக்கை விழுந்தது. பில்லில் ‘ஸ்பெஷல் டெஸ்ட் – 1’ என்று மட்டும் அடித்திருந்ததை மச்சாளும் தம்பியும் கவனிக்கவில்லை.

10 நாள் என்றார்கள். 15ஆம் நாள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது: ‘உயர் ஆபத்து, 38க்கு 1’. வீட்டில் அன்று உலை வைக்கவில்லை. ரிப்போர்ட் என் கைக்கு வந்தபோது நான் முதலில் பார்த்தது அந்த 38ஐ அல்ல, அதற்கு மேலே இருந்த இரண்டு வரிகளை. பாப்-ஏ 0.41 மோம், அதாவது அந்தக் கிழமைக்கு வழமையான நடு அளவின் 0.41 மடங்கு. ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி. 1.9 மோம். லேப் வேலை தெரிந்த யாருக்கும் அதற்குப் பிறகு ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இது டி.என்.ஏ. டெஸ்டே இல்லை. டபுள் மார்க்கர். நஞ்சுக்கொடி சுரக்கிற இரண்டு பொருட்களின் அளவு. அதே நிலையத்தின் விலைப்பட்டியலில் டபுள் மார்க்கருக்குப் போட்டிருக்கிற விலை 9,500 ரூபா. நாங்கள் கொடுத்தது 72,500.

“என்ன குழாயில எடுத்தவ?” என்று கேட்டேன். “மஞ்சள் மூடி, சுண்டுவிரல் நீளம்.” அதோடு சந்தேகம் தீர்ந்தது. மஞ்சள் மூடி என்றால் இரத்தத்தை உறையவிட்டுச் சீரம் எடுக்கிற சாதாரண ஜெல் குழாய். என்.ஐ.பி.டி. என்கிற உண்மையான டி.என்.ஏ. டெஸ்டுக்கு அப்படி எடுத்தால் வேலைக்கு ஆகாது. தாயின் இரத்தத்தில் மிதக்கிற டி.என்.ஏ. துணுக்குகளில் ஒரு சிறு பங்குதான் நஞ்சுக்கொடியில் இருந்து வந்தது. பொதுவாக 4 வீதமாவது இருந்தால்தான் லேப் முடிவு சொல்லும். இரத்தம் எடுத்து வைத்தபின் தாயின் வெள்ளணுக்கள் உடைந்து தங்கள் டி.என்.ஏ.யைக் கொட்டினால் அந்தச் சிறு பங்கும் கரைந்து காணாமல் போகும். அதனால்தான் அணுக்கள் உடையாமல் பிடித்து வைக்கிற மருந்து போட்ட தனிக் குழாய் வேண்டும். 10 மில்லிலீற்றர் பிடிக்கிற பெரிய குழாய். இங்கே அதிகம் காண்கிறது பழுப்பும் கறுப்பும் கலந்த மூடி போட்டது. எடுத்தவுடன் எட்டுப் பத்துத் தரம் மெதுவாகத் தலைகீழாகப் புரட்டுவார்கள், குலுக்க மாட்டார்கள். அறை வெப்பத்தில்தான் போகும். ஐஸ் பெட்டியின் அடியில் போட்டு உறையவிட்டால் அதுவும் பாழ். சாதாரண ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் சில மணித்தியாலங்களுக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். இங்கிருந்து கொழும்பு 260 கிலோமீற்றர், கூரியரில் போய்ச் சேர்ந்து பதிவதற்குள் அந்த நேரம் போய்விடும்.

சரி, டபுள் மார்க்கரையாவது ஒழுங்காகச் செய்தார்களா என்றால் அதுவும் இல்லை. எனக்கு அடங்காத கோபம் இதில்தான்.

மச்சாளுக்கு மாதவிடாய் 38 நாளுக்கு ஒருக்கால். கடைசி மாதவிடாய்த் திகதியை வைத்துக் கணக்குப் போட்டு 13 கிழமை 4 நாள் என்று பதிந்திருக்கிறார்கள். அன்று காலை வேறிடத்தில் எடுத்த ஸ்கேனில் பிள்ளையின் நீளம், அதாவது சி.ஆர்.எல்., 55 மில்லிமீற்றர். அது 12 கிழமை 1 நாள். பத்து நாள் பிழை. அந்த ஸ்கேன் தாளைக் கேட்டு வாங்கியதும் அவர்கள்தான். வாங்கி, படிவத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து வைத்தார்கள். விரித்துப் பார்க்கவில்லை. இந்தப் பத்து நாள் சும்மா இல்லை. பாப்-ஏ கிழமைக்குக் கிழமை ஏறிக்கொண்டு போகிற பொருள், ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி. இந்தக் காலத்தில் இறங்கிக்கொண்டு வருகிற பொருள். கர்ப்பத்தை உள்ளதைவிட முதிர்ந்ததாகப் பதிந்தால் முதலாவது ‘குறைவு’ என்றும் இரண்டாவது ‘கூட’ என்றும் தெரியும். டவுன் சின்ட்ரோம் கர்ப்பத்திலும் சரியாக இதே கோலம்தான் வரும்! அதாவது ஒரு பிழைத் திகதியே வருத்தத்தை உண்டாக்கிக் காட்டும்.

நிறை 58 கிலோ என்று இருக்கிறது. ஆள் 81 கிலோ. நிறை கூடினவர்களுக்கு இரத்தத்தின் கனவளவு கூட, அளவுகள் ஐதாகும், அதைக் கணக்கில் திருத்தத்தான் நிறை கேட்பது. என்.டி. கட்டம் வெறுமை. பிள்ளையின் பிடரித் தோலுக்குக் கீழே உள்ள நீரின் தடிப்பைச் சேர்க்காமல், வயதையும் அந்த இரண்டு பொருட்களையும் வைத்து மட்டும் போட்ட கணக்கு இது. இன்னொன்று: வழமையாக 250க்கு 1ஐத் தாண்டினால் ‘உயர் ஆபத்து’ என்று அச்சடிப்பார்கள். 40 வயதுக்காரிக்கு வயது மட்டுமே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். மெஷின் கணக்கைத் தொடங்குவதே சிவப்பு எழுத்தில் இருந்துதான்.

திகதியையும் நிறையையும் திருத்தினால் புது இரத்தம் இல்லாமலே கணக்கைத் திரும்பப் போடலாம். கணினியில் ஐந்து நிமிஷ வேலை. அதைத்தான் முதலில் கேட்டோம். “திரும்பப் பதியிறதெண்டா திரும்பக் காசு” என்றார்கள். டி.என்.ஏ. டெஸ்ட் எங்கே என்று கேட்டால், “டொக்டர் கையெழுத்து வைச்சிருக்கிறார்தானே?” அடுத்த நாள், “மெயின் லேப்பில கேளுங்கோ.” அந்த நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கடுத்த நாள் மனேச்சர் கொழும்பு போய்விட்டாராம். நேரில் போய் நின்றபோது, படத்தைக் காட்டிக் கதைத்த அதே ஆள் சொன்ன கதை: “டி.என்.ஏ. எண்டு நாங்க சொல்லேல்ல அக்கா. அது நீங்க விளங்கிக்கொண்ட விதம்.” லேமினேட் படம் அப்போதும் கவுண்டரில்தான் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, “ஹை ரிஸ்க் எண்டு வந்திட்டுது, இனி அட்வான்ஸ் டி.என்.ஏ. செய்யிறதுதான் நல்லம், உங்களுக்கு 10 வீதம் கழிச்சுத் தாறம்” என்றா. ஏற்கெனவே கொடுத்த 72,500க்கு மேல், அதே டெஸ்டுக்கு இன்னொரு தரம்!

72,500ஐ விடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது, அதைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. என்.டி. ஸ்கேன் 11 கிழமையில் இருந்து 13 கிழமை 6 நாள் வரைதான், சி.ஆர்.எல். 45க்கும் 84க்கும் இடையில். இரத்தம் கொடுத்த அன்று எடுத்திருக்கலாம். ரிப்போர்ட் வந்த அன்று ஸ்கேன் கணக்கில் 14 கிழமை 2 நாள். கதவு மூடியாயிற்று. இனி இருப்பது உண்மையான என்.ஐ.பி.டி., அது 10 கிழமைக்குப் பிறகு எப்போதும் எடுக்கலாம். அல்லது 15 கிழமைக்குப் பிறகு, தாயின் இரத்தத்தில் நான்கு பொருட்களை அளக்கிற குவாட் டெஸ்ட். அல்லது நேராகப் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கிற அம்னியோசென்டெசிஸ், அதுவும் 15 கிழமைக்குப் பிறகு. உறுதியான பதில் தருவது கடைசியாகச் சொன்னது மட்டும்தான். கரு கலைகிற ஆபத்து அதில் உண்டு, நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

என்.ஐ.பி.டி.யும் முடிந்த முடிவு இல்லை. 40 வயதில் 10,000 தாய்மாரை எடுங்கள். ஏறக்குறைய 100 பேருக்கு டவுன் சின்ட்ரோம் பிள்ளை. டெஸ்ட் 99 பேரைப் பிடிக்கும். மற்ற 9,900 பேரில் ஆயிரத்துக்கு ஒன்று பிழைத்தாலும் 10 பேருக்குச் சும்மா ‘பொசிட்டிவ்’ வரும். ஆக 109 பொசிட்டிவில் 10 பொய். இதே டெஸ்டை 25 வயதில் செய்தால் வருகிற பொசிட்டிவில் ஏறக்குறைய பாதி பொய்யாகத்தான் இருக்கும். “எல்லாமே பாக்கும்” என்பது சுத்தப் பொய். முக்கியமாகப் பார்ப்பது 21, 18, 13 என்ற மூன்று நிறமூர்த்தங்கள். இதயத்தில் ஓட்டை, முதுகெலும்பு மூடாதது, உதட்டுப் பிளவு எதுவும் அதில் தெரியாது. அவற்றுக்கு 18க்கும் 22க்கும் இடைப்பட்ட கிழமைகளில் எடுக்கிற ஸ்கேன். நிறை கூடினவர்களுக்குப் பிள்ளையின் டி.என்.ஏ. பங்கு போதாமல் ‘முடிவு இல்லை’ என்று வருவதும் உண்டு. 81 கிலோவுக்கு அதை முதலே சொல்லியிருக்க வேண்டும்.

எடுக்கத்தான் வேணுமா? இதை ஒருவரும் கவுண்டரில் கதைக்க மாட்டார்கள். இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவுப்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே கருக்கலைப்புக்கு இடமுண்டு. பொசிட்டிவ் வந்தாலும் சட்டப்படி பிள்ளையைப் பெறத்தான் வேண்டும். அதனால் தெரிந்து பயனில்லை என்றும் இல்லை. டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளில் பாதிக்குக் கிட்ட இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள். முதலே தெரிந்தால் இதய ஸ்கேன் பார்த்து, எந்த ஆஸ்பத்திரியில் பெறுவது என்று முடிவெடுக்கலாம். சிலருக்கு மனதைத் தயார்படுத்த வேண்டும், சிலருக்குத் தெரியாமல் இருப்பதே நிம்மதி. இரண்டும் நியாயம்தான். ஆனால் பதில் வந்தால் என்ன செய்வோம் என்பதைப் புருஷனும் மனுசியும் இரத்தம் கொடுக்க முன்னம் கதைத்துவிட வேண்டும். காசு முட்டு என்றால் என்.ஐ.பி.டி.யை விட்டுவிட்டு 18–22 கிழமை ஸ்கேனை நன்றாக எடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். 40 வயதுக் கர்ப்பத்தில் சீனியும் பிரஷரும் டவுன் சின்ட்ரோமை விட எத்தனையோ மடங்கு அதிகம் பேரைப் பிடிக்கிறது. அதற்கான செக்கப் அரசாங்கக் கிளினிக்கில் இலவசம். மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கே வருவா. அந்தப் பக்கம் திரும்பிப் பாராமல் 72,500ஐக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறோம்.

என்னென்ன கவனிக்க வேணும் என்று ஒவ்வொன்றாக எழுதத்தான் இருந்தேன், நேரம் போய்விட்டது. அவசரமாகச் சில.

பில்லில் டெஸ்டின் முழுப் பெயரும் செய்கிற லேப்பின் பெயரும் இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம். ‘ஸ்பெஷல்’, ‘அட்வான்ஸ்’ எல்லாம் டெஸ்டின் பெயர் இல்லை.

குழாயைப் பாருங்கள். டி.என்.ஏ. டெஸ்டுக்கு மஞ்சள் மூடி என்றால் கையை இழுத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் சி.ஆர்.எல்., நிறை இரண்டும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று நின்று பார்த்து, ஒரு ஃபோட்டோ எடுங்கள். முடிவு வராவிட்டால் திரும்ப எடுப்பது இலவசமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

முறைப்பாட்டுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி 1977. தனியார் லேப்புகள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டபோது “ஃபிரேம் போடக் குடுத்திருக்கு” என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை வி.ஓ.ஜி. (மகப்பேற்று நிபுணர்) கிளினிக். ஸ்கேன் தாளின் அசல் அவர்களின் ஃபைலில் ஸ்டேப்ளர் அடித்தபடியே கிடக்கிறது. நாளை காலை அதைக் கழற்றி வாங்கப் போகிறோம்.