ஃப்ளாரன்ஸ்: ஜோடியாகப் போகிறவர்களுக்கு மதுரையிலிருந்து ஒரு விமர்சனம்

கணவனும் மனைவியுமாக இத்தாலிக்கு ஒரு முறைதான் போக முடியும், கையில் ஒரு வார லீவுதான் இருக்கிறது என்றால், ரோம், வெனிஸ், பைசா, மிலன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஃப்ளாரன்ஸ் ஒன்றிலேயே அந்த வாரம் முழுவதும் தங்குங்கள். பழைய ஊரை நடந்தே சுற்றிவிடலாம், அலைச்சல் இல்லை. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் நின்று பார்க்க நேரம் வேண்டும், அந்த நேரத்தைத்தான் பேக்கேஜ் டூர்காரர்கள் தருவதில்லை.

மதுரையில் நாங்கள் விசாரித்த ஒரு டிராவல்ஸில் ஐரோப்பா பேக்கேஜ் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அதில் ஃப்ளாரன்ஸுக்கு ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு மத்தியானம். பேராலயத்தை வெளியே நின்று பார்ப்பது, சதுக்கத்தில் போட்டோ, இந்தியச் சாப்பாடு, திரும்ப பஸ். மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை உண்டா என்று கேட்டதற்கு உண்டு, உண்டு என்றார்கள். துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவர்கள் சொன்னது பியாஸ்ஸா தெல்லா சிஞ்ஞோரியா சதுக்கத்தில் வெட்டவெளியில் நிற்கும் நகலை. அசல் சிலையை 1873-லேயே அக்காதெமியா கலைக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், சதுக்கத்தில் நகலை நிறுத்தியது 1910-இல். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு இதைக்கூடச் சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகவே படவில்லை. எழுந்து வந்துவிட்டோம். விசா வேலைக்குப் பாண்டியனில் ஏறிச் சென்னை போய் வந்ததில் தொடங்கி விமானம், தங்குமிடம், மியூசியம் டிக்கெட் வரை எல்லாம் நாங்களே போட்டதுதான். கஷ்டமில்லை, பொறுமையாக உட்கார்ந்தால் யாரும் போடலாம்.

சரி, ஊருக்கு வருகிறேன். எங்கள் பயணத்தில் முதல் இடம் டுவோமோ பேராலயத்தின் குவிமாடத்துக்குத்தான். என் வீட்டுக்காரர் கட்டட வேலையிலேயே காலம் தள்ளியவர், அதனால் இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பேராலயத்தின் வேலை 1296-இல் தொடங்கியது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நடுவில் இருந்த எண்கோண வாயை மூட முடியாமல் கிடந்தது. குறுக்கே சுமார் 45 மீட்டர், அதுவும் தரையிலிருந்து ஐம்பது மீட்டருக்கு மேல் உயரத்தில். அவ்வளவு பெரிய வாய்க்கு அடியிலிருந்து முட்டுக் கொடுத்துச் சென்ட்ரிங் அடிக்க மரத்துக்கு எங்கே போவது? ப்ருனெலெஸ்கி என்பவர், தட்டார் வேலை கற்றவர், சென்ட்ரிங் இல்லாமலேயே கட்டுகிறேன் என்று சொல்லி 1420-இல் ஆரம்பித்து 1436-இல் மூடிவிட்டார். நாற்பது லட்சம் செங்கலுக்கு மேல் போயிருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

மேலே ஏற 463 படி, லிஃப்ட் கிடையாது. குவிமாடம் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு கூடாக இருக்கிறது, படிக்கட்டு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் போகிறது. ஓர் ஆள் போகிற அகலம், ஒரு பக்கச் சுவர் நம் தலைமேல் சாய்ந்துகொண்டே வரும். பாதியில் என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னே விட்டுவிட்டுச் செங்கலைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "இங்க பாரு, எப்படிப் பிடிக்க வச்சிருக்கான் பாரு" என்று காட்டினார். படுக்கையாக அடுக்கிய வரிசையில் இடையிடையே ஒரு செங்கலை நெட்டுக்குத்தாக நிறுத்தியிருக்கிறார்கள். அடுத்த வரிசையில் அது கொஞ்சம் தள்ளி, அதற்கடுத்ததில் இன்னும் தள்ளி, அப்படியே மீன்முள் மாதிரிச் சுவரெங்கும் சாய்வாக ஏறிப் போகிறது. உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும் வரிசை, கலவை இறுகுவதற்கு முன்னால் சரிந்து விழாமல் அந்த நிற்கிற செங்கல் பிடித்துக்கொள்ளும். ஒரு சுற்று முழுசாக மூடிவிட்டால் அது தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும், பிறகு அதன்மேல் அடுத்த சுற்று. புத்தகத்தில் படித்தால் எனக்கு இது புரிந்திருக்காது, விரலை வைத்துக் காட்டியதும் புரிந்தது. இந்த ஒரு அனுபவத்துக்காகவே திரும்பப் போகலாம்.

பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, குவிமாடம் ஏறத்தான் டிக்கெட். நாளும் நேரமும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்றால் நடக்காது. குவிமாடம், மணிக்கூண்டு, ஞானஸ்நான மண்டபம், அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ப்ருனெலெஸ்கி பாஸ் என்று ஒன்று தருகிறார்கள், நாங்கள் போனபோது ஆளுக்கு 30 யூரோ, மூன்று நாள் செல்லும். தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும், சுடிதாருக்குப் பிரச்சினையே இல்லை. பெரிய பையோடு விட மாட்டார்கள்.

அக்காதெமியாவில் எல்லோரும் நேரே தாவீதிடம் ஓடுகிறார்கள். ஓடலாம், தப்பில்லை, 5.17 மீட்டர் பளிங்கு, தொங்கவிட்ட வலது கையில் நரம்பு புடைத்திருப்பது கீழிருந்தே தெரிகிறது. வேறொரு சிற்பி 1464-இல் தொடங்கிப் பாதியில் விட்டு, பல வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்த கல் அது. மைக்கலாஞ்சலோ 1501-இல் அதைக் கையில் எடுத்தபோது அவருக்கு 26 வயது. ஆனால் அந்தச் சிலைக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் நிற்கும், அவரே முடிக்காமல் விட்ட கைதிகள் சிலைகளை விட்டுவிடாதீர்கள். வயிறும் தொடையும் வெளியே வந்திருக்கும், தலை இன்னும் பாறைக்குள்ளேயே இருக்கும். பல் உளியால் இழுத்த கோடுகள் ஒரே திசையில் நெருக்கமாக ஓடுவது அப்படியே தெரிகிறது. புதுமண்டபத்துத் தூண்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த எங்களுக்கு, வேலை பாதியில் நிற்கும் கல்லை இவ்வளவு பக்கத்தில் பார்த்தது பெரிய விஷயம். தாவீதைவிட இங்கேதான் அதிக நேரம் நின்றோம்.

உஃபிஸி கலைக்கூடத்துக்கு அரை நாள் போதாது. வசாரி என்ற கட்டடக் கலைஞர் 1560-இல் அரசாங்க அலுவலகங்களுக்காகக் கட்டத் தொடங்கிய கட்டடம், பிறகு இந்த ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் கலைச்செல்வம் எல்லாம் இங்கே வந்து சேர்ந்தது. இவ்வளவும் ஒரே ஊரில் சிதறாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு பெண். மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா, 1737-இல் போட்ட ஒப்பந்தத்தில், இவற்றில் எதையும் ஊரை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது, மக்களுக்குப் பயன்பட வேண்டும், வெளிநாட்டுக்காரர்கள் ஆர்வத்தோடு வந்து பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்தார். அந்த வெளிநாட்டுக்காரர்களில் நாங்களும் சேர்த்திதானே என்று நினைத்தபோது அந்த அம்மாவுக்கு மனதார நன்றி சொன்னேன்.

போட்டிசெல்லியின் இரண்டு பெரிய ஓவியங்கள் முன்னால் எப்போதும் கூட்டம். மாலை நேர டிக்கெட் எடுத்தால் கடைசியில் கொஞ்சம் காலியாகும், நாங்கள் அப்படித்தான் நிம்மதியாகப் பார்த்தோம். வசந்தம் என்ற ஓவியத்தில் ஃப்ளோரா தேவி கழுத்தில் பூமாலை, தலையில் பூ, மடி நிறையப் பூவை அள்ளி இறைத்துக்கொண்டே நடந்து வருகிறாள். தரையில் முளைத்திருக்கும் செடிகளில் எத்தனையோ ஜாதி, இலையும் இதழும் தெளிவாக இருக்கிறது. பூவோடு பழகிய ஊர்க்காரி யாரும் அங்கிருந்து சீக்கிரம் நகர முடியாது. டிக்கெட் அன்றைக்கு 25 யூரோ, முன்பதிவுக்கு மேலே 4. இணையத்தில் தேடினால் முதலில் வருவதெல்லாம் இடைத்தரகர் தளங்கள், பார்க்க அரசாங்கத் தளம் போலவே இருக்கும், விலை மட்டும் கூடுதல். உஃபிஸியின் சொந்தத் தளத்தில்தான் வாங்குங்கள். உஃபிஸி, அக்காதெமியா இரண்டுக்கும் திங்கள்கிழமை விடுமுறை.

மற்றவை சுருக்கமாக. சாந்தா க்ரோச்சே தேவாலயத்தில் மைக்கலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி மூவரின் கல்லறையும் இருக்கின்றன, கட்டாயம் போங்கள். 1966 நவம்பர் 4 வெள்ளத்தில் சிதைந்த சிமபூவே என்ற பழைய ஓவியரின் சிலுவை ஓவியமும் இங்கேதான், நிறம் போன இடங்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. போன்ட்டே வெக்கியோ பாலத்தில் 1593-க்கு முன்னால் கறிக்கடைகள் இருந்தனவாம், நாற்றம் தாங்காமல் எடுக்கச் சொல்லி நகைக்கடைகளை வைத்தார்கள். தெற்காவணி மூலவீதியில் நகை வாங்கிப் பழகியவர்களுக்கு அங்கே வாங்க ஒன்றும் இல்லை, ஆனால் காலை ஏழு மணிக்குக் கடைக் கதவுகள் மூடியிருக்கும்போது பாலத்தில் ஜோடியாக நடந்து பாருங்கள். சாயங்காலம் பியாஸ்ஸாலே மைக்கலாஞ்சலோ மேட்டுக்கு 12, 13 எண் பஸ் போகும், ஏறிக் கார்டைத் தட்டினால் போதும். அங்கே ஒரே கூட்டம், இன்னும் கொஞ்சம் மேலே ஏறி சான் மினியாத்தோ தேவாலயப் படியில் உட்கார்ந்தால் அதே காட்சி, அமைதியாக.

சாப்பாடு எனக்குப் பிடித்திருந்தது. ரிபொல்லீத்தா என்று பீன்ஸ், கீரை, பழைய ரொட்டி போட்டுக் கெட்டியாக ஒரு சூப், பாப்பா அல் பொமொதோரோ என்று தக்காளியும் ரொட்டியும் குழைத்தது, இரண்டும் வயிற்றுக்கு இதம். சைவக்காரர்கள் மட்டும் கறிச்சாறு, சீஸ் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து ரொட்டியில் உப்பே இருக்காது, ஊறுகாய் கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று. தள்ளுவண்டியில் லாம்ப்ரெதோத்தோ விற்கிறார்கள், மாட்டு இரைப்பையை வேகவைத்து ரொட்டிக்குள் வைத்துத் தருவது. நான் தொடவில்லை, குடல்கறியில் ஊறிய என் வீட்டுக்காரர் பச்சைச் சட்னியோடு இரண்டு வாங்கிச் சாப்பிட்டார். பேராலயத்துக்கு எதிரே ஒரு காபிக் கடையில் உட்கார்ந்ததற்கு, நின்று குடித்தால் கொடுப்பதைப் போலப் பல மடங்கு போட்டுத் தீட்டிவிட்டார்கள், விலைப் பலகையும் கண்ணில் படும்படி இல்லை. காபியை உள்ளூர்க்காரர்கள் மாதிரி நின்றே குடியுங்கள். ஓட்டலில் கோபெர்த்தோ என்று ஆளுக்கு ஒரு தொகை பில்லில் வரும், அது அங்கே வழக்கம்.

தங்குவதற்கு ஆர்னோ ஆற்றுக்குத் தென்கரையில் சாந்தோ ஸ்பீரித்தோ பக்கம் நல்லது, பட்டறைகளும் காய்கறிக் கடையும் உள்ள, ஜனங்கள் வாழ்கிற தெருக்கள். நாங்கள் எடுத்த வீட்டின் விளம்பரத்தில் நான்காவது மாடி என்பதோ லிஃப்ட் இல்லை என்பதோ ஒரு வரிகூட இல்லை, பெட்டியோடு ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். ஊர் வரி என்று தனியாக இரவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். விமான நிலையத்திலிருந்து டிராம் நேரே ஊருக்குள் வருகிறது, டாக்ஸி வேண்டாம்.

ஜூலை, ஆகஸ்ட்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். ஏப்ரல், மே நல்ல பருவம், சித்திரைத் திருவிழாவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்பவர்களுக்கு அக்டோபர். முழங்கால் வலி உள்ளவர்கள் குவிமாடம் ஏற முடியவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம், பேராலயத்துக்குப் பின்னால் உள்ள அருங்காட்சியகத்தில் லிஃப்ட் இருக்கிறது. கிபெர்ட்டி என்ற சிற்பி ஞானஸ்நான மண்டபத்துக்காக 27 வருஷம் உழைத்துச் செய்த பொன் கதவின் அசல், மைக்கலாஞ்சலோ தன் சொந்தக் கல்லறைக்கென்று செதுக்கிக் கடைசியில் தானே உடைத்த பியெத்தா (இறந்த இயேசுவின் உடலைத் தாங்கிப் பிடிக்கும் சிற்பம்), மரத்தில் செய்த குவிமாட மாதிரி வடிவம் எல்லாம் அங்கேதான், மொட்டைமாடிக்குப் போனால் குவிமாடம் கண்ணெதிரே நிற்கும். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மட்டும் மூடியிருக்கும், பார்த்துப் பதிவு செய்யுங்கள்.