மரக்கரண்டி செதுக்கும் கத்திகளும் பூசும் எண்ணெயும்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

மரக்கரண்டி செதுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கத்தி வாங்கலாம் என்பதைத்தான். சில வருடங்களாக விடுமுறை நாட்களில் அலங்காரக் கரண்டிகள் செதுக்கி வருகிறேன். சில சுவரில் தொங்குகின்றன, பல சமையலறையில் தினமும் புழங்குகின்றன. எது தாங்கியது, எது பல்லிளித்தது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. எந்தக் கத்தி என்பதைவிட அதை எவ்வளவு கூராக வைத்திருக்கிறோம் என்பதும், கடைசியில் என்ன எண்ணெய் பூசுகிறோம் என்பதும்தான் ஒரு கரண்டியின் ஆயுளையும் அழகையும் தீர்மானிக்கின்றன.

முதலில் கத்தி. நேர்க்கத்திக்கு நான் வைத்திருப்பது ஸ்வீடனில் செய்யப்படும் மோரா நிறுவனத்தின் 106 என்ற மாடல். அலகு எட்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். நடுவில் கடினமான கார்பன் எஃகு, இரண்டு பக்கமும் மென்மையான எஃகு. அதனால் கூர் நிற்கிறது, தீட்டுவதும் சுலபம். நுனி நன்றாக மெலிந்திருப்பதால் கழுத்து வளைவில் கத்தி எளிதாகத் திரும்புகிறது. சின்னக் கை உள்ளவர்களுக்கு இதே மாதிரி குட்டை அலகோடு வரும் மோரா 120 பொருந்தும். குழி தோண்ட வளைகத்தி வேண்டும், என்னிடம் இருப்பது மோரா 164. இடக்கைக்காரர்களுக்கு இது தனியாக வருகிறது, பார்த்து வாங்குங்கள். கார்பன் எஃகு எதுவானாலும் நம் ஊர் ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவிவிட்டால் போதும்.

கூர் விஷயத்தில் நான் மாற்றிக்கொள்ளாத வழக்கம் ஒன்று உண்டு. ஒரு பலகையில் தோலை ஒட்டி, பச்சை நிற குரோமியம் ஆக்சைடு பசையைத் தேய்த்து, வேலைக்கு நடுநடுவே கத்தியை அதில் பின்பக்கமாக இழுப்பேன். கூர்முனை தோலுக்குள் இறங்கும்படி முன்னால் தள்ளக் கூடாது. வளைகத்தியின் உள்வளைவுக்கு ஒரு உருட்டுக் குச்சியில் தோலைச் சுற்றிக்கொண்டால் சரியாகப் படியும். இதைச் செய்து வந்தால் சாணைக்கல்லை எப்போதாவதுதான் எடுக்க வேண்டியிருக்கும். பெருவிரலுக்குத் தோல் உறை போட்டுக்கொள்ளுங்கள். கத்தி நம்மை நோக்கி வரும் வெட்டுகள் இந்த வேலையில் நிறைய.

மரம் பச்சையாக இருக்கும்போதே செதுக்க வேண்டும். பச்சைக் கட்டை முள்ளங்கி போலச் சீவும், அதே மரம் காய்ந்தபின் கையை உடைக்கும். முக்கால்வாசி வடிவம் வந்ததும் காகிதத்தில் சுற்றி நிழலில் மெதுவாகக் காயவிட்டு, பிறகு இறுதிச் சீவல். கொய்யா எனக்கு மிகவும் பிடித்தது: நெருக்கமான இழை, நல்ல உறுதி. பூவரசின் வைரப்பகுதியில், அதாவது உள்ளே இருக்கும் கெட்டி மரத்தில், கரும்பழுப்பு நிறம் அழகாக எழும். மாங்கட்டை எளிதில் கிடைக்கும், ஆனால் சீக்கிரம் வண்டு ஏறும். எங்கள் பக்கத்துத் தச்சர் இதைத்தான் எப்போதும் சொல்வார்: "வெள்ளையைக் கழிச்சிட்டு வைரத்துல செய்யுங்க தம்பி, அப்பத்தான் நிக்கும்." வேம்பில் செய்தால் ஆரம்பத்தில் கொஞ்சம் கசப்பு இறங்கும், பாயசம் கிளற வேண்டாம். அரளி விஷம், கரண்டிக்கு அதைத் தொடவே கூடாது.

இனி மேற்பரப்பு. பலரும் 120, 180, 240 என்று உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்க்கிறார்கள். கையில் வழுவழுப்பாகத்தான் இருக்கும். ஆனால் முதல் தடவை கழுவியதும் இழைகள் எழுந்து சொரசொரப்பாகிவிடும், ஏனென்றால் உப்புத்தாள் இழைகளை வெட்டுவதில்லை, கிழிக்கிறது. தேய்த்தே ஆக வேண்டும் என்றால் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, மறுபடி தேய்ப்பதை இரண்டு மூன்று முறையாவது செய்யுங்கள். கூரான கத்தியால் மெல்லிய சீவல்களாக எடுத்து முடித்த கரண்டி இந்தத் தொல்லை தருவதில்லை. கத்தித் தடங்கள் சிறுசிறு பட்டைகளாக வெளிச்சத்தில் மின்னும், எனக்கு அதுதான் அலங்காரத்தில் முதல் அலங்காரம். வருடக்கணக்கில் புழங்கியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கத்தியோடு முடித்தவைதான் இன்னும் பொலிவாக இருக்கின்றன.

எண்ணெயில் ஒரு அடிப்படை விஷயம்: காற்றில் காய்ந்து கெட்டியாகும் எண்ணெய் வேண்டும். தேங்காயெண்ணெய் காயவே காயாது, கழுவக் கழுவப் போய்விடும். நல்லெண்ணெய் அரைகுறையாகக் காய்ந்து பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து மரத்துக்குள்ளேயே இறுகிவிடுகிறது. சாப்பிடுவதற்கென்று விற்கும் செக்கு எண்ணெயையே வாங்குங்கள். பெயின்ட் கடையில் கிடைக்கும் 'பாயில்டு லின்ஸீட் ஆயில்' சீக்கிரம் காய்வதற்காகப் பெரும்பாலும் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகள் கலந்தது, சாப்பாட்டுக் கரண்டிக்கு வேண்டாம். மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். தடிமனாக விட்டால் மேலே பிசினாக ஒட்டும். அடுத்த பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான். முழுதாக இறுக வாரக்கணக்காகும். அவசரப்பட்டுப் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

வேலைப்பாட்டில் நான் அதிகம் செய்வது ஸ்காண்டிநேவிய முறையான கோல்ரோசிங். கத்தி நுனியால் மயிரிழைக் கீறல் போட்டு, நைசான காபித்தூளைத் தேய்த்து, மேலே எண்ணெய் பூசினால் கோடு கறுப்பாக நிற்கும். என் கரண்டிகளில் வருடங்கள் கழித்தும் அழியவில்லை. கோலப் புள்ளிகளும் கொடிகளும் இதில் அற்புதமாக வருகின்றன. வேல்ஸ் நாட்டு லவ்ஸ்பூன்களையும் படங்களில் பார்த்துப் பழகினேன். கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் 1667-ஐச் சேர்ந்த ஒன்று இருக்கிறது. காதலிக்குக் கொடுக்க, ஒரே கட்டையில் சங்கிலியும் கூண்டுக்குள் உருளும் குண்டும் செதுக்குவார்கள். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் கற்சங்கிலியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதில் கை வைக்காமல் இருக்க முடியுமா? மரத்தில், இழை குறுக்கே ஓடும் வளைவில்தான் வளையம் உடையும், அங்கே கொஞ்சம் தடிமன் விடுங்கள்.

புழங்கும் கரண்டியைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், கழுவித் துடைத்து நிற்க வையுங்கள். வெளுத்துத் தெரிந்தால் ஒரு பூச்சு எண்ணெய். வெளிர் மரத்தில் மஞ்சள் கறை கண்டிப்பாக ஏறும். குழம்புக்குப் பூவரசு வைரத்தில் செய்ததை வைத்துக்கொள்ளலாம். கொய்யாவில் ஏறிவிட்டால் காலை வெயிலில் கொஞ்ச நேரம் வையுங்கள், மஞ்சள் வெளுத்துவிடும். உச்சி வெயிலில் மட்டும் வேண்டாம், குழியின் ஓரத்தில் வெடிப்பு விழும்.