டிரெட்ஸ்: பணம் மறுநாளே வருகிறது, ஒப்புதல்தான் வருவதில்லை

கவரைப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "எங்க பார்ட்டியும் டிரெட்ஸ்ல சேர்ந்துட்டாங்களாம், நானும் சேரட்டுமா சார்?" சிறுதொழில்காரரின் பில்லைப் பார்ட்டி, அதாவது சரக்கு வாங்கும் கம்பெனி, ஒப்புக்கொண்டதும் பாங்குகள் முன்கூட்டியே பணம் தரும் ஆன்லைன் தளம்தான் டிரெட்ஸ். முன்பு 500 கோடி விற்றுமுதலுக்கு மேற்பட்ட கம்பெனிகள் இதில் பதிவு செய்வது கட்டாயம். அதை 250 கோடியாக்கி, 2025 மார்ச் 31க்குள் பதிவு செய்யச் சொன்ன பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. போனில் பேசினால் கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது கும்மிடிப்பூண்டியில் உலோகத் தகடு அடிக்கும் ஒரு சின்ன பிரஸ் ஷாப். சரக்கு தடா தாண்டி ஆந்திராவின் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகிறது. வண்டிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது; பணம் வர மூன்று மாதம்.

டிரெட்ஸில் பில்லை ஏற்றி, பார்ட்டி ஒப்புக்கொண்டால், பாங்குகள் போட்டி போட்டு வட்டி சொல்கின்றன. அதுவும் பார்ட்டியின் ரேட்டிங்கைப் பார்த்து. அதனால் எங்கள் சிசி (பாங்கில் வாங்கும் நடைமுறைக் கடன்) வட்டியைவிடக் குறைவு. அடமானம் இல்லை. மறுநாள் பணம் கணக்கில் இருக்கும். பிறகு பார்ட்டி கட்டாவிட்டாலும் பாங்க் நம்மிடம் திருப்பிக் கேட்க முடியாது. நிஜமாகவே நல்ல ஏற்பாடு.

ஆனால் அந்த "ஒப்புக்கொண்டால்" இருக்கிறதே! பதிவு செய்வதுதான் கட்டாயம், பில்லை ஒப்புக்கொள்வது கட்டாயமில்லை. பார்ட்டியின் அக்கவுண்ட்ஸைக் கேட்டால் ஸ்டோர்ஸ் ஜிஆர்என் (சரக்கு வந்துசேர்ந்த ரசீது) போடவில்லை என்பார்கள். ஸ்டோர்ஸைக் கேட்டால் குவாலிட்டி கையெழுத்து பாக்கி. குவாலிட்டியில், "சேஸ்தாம் சார்" (தெலுங்கில், செய்கிறோம் சார்). பில் யாரிடம் நிற்கிறது என்று திரையில் பளிச்சென்று தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான்.

2006 சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் இழுத்தால் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அரசின் ஆன்லைன் தளத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டருக்கு எங்கே போவது? மார்ச்சில் மட்டும் ஒப்புதல் படபடவென்று வருகிறது. கெடு தாண்டிய சிறுதொழில் பாக்கியை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டம் மாறியதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சேர்வதற்கு முன் உங்கள் பார்ட்டியின் ஸ்டோர்ஸில் ஜிஆர்என் போடுவது யார் என்று விசாரித்து வையுங்கள். மற்றபடி, இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தேங்கிக் கிடந்த பில் எல்லாம் ஒரே மத்தியானத்தில் பாஸான அன்று கேட்டிருந்தால், நானே வந்து உங்கள் உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழை அப்லோடு செய்து கொடுத்திருப்பேன்.