ஓவர்கிளாக் செய்த பிராசஸரும் டெல்டா கோடையும்: நீண்ட நாள் அனுபவம்

மன்னார்குடியில் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குத் தொழில். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதம் வந்துவிட்டால் கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க ரெண்டரில் (எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக மாற்றும் வேலையில்) ஓடும். அந்த நேரத்தைக் குறைக்கத்தான் பிராசஸரை ஓவர்கிளாக் செய்தேன், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட வைத்தேன். சில வருடம் அப்படியே ஓட்டிவிட்டு, இப்போது கம்பெனி கொடுத்த வேகத்துக்கே திரும்பிவிட்டேன். ஓவர்கிளாக் பற்றிய வீடியோக்களில் ஏசி அறையில் ஒரு மதியம் சோதித்துப் பார்த்து மார்க் போட்டுவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலிலும் கரண்டிலும் வருடக்கணக்கில் ஓட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்னுடையது ஆறு கோர், 65 வாட், மல்டிபிளையர் லாக் இல்லாத, அதாவது வேகத்தை நாமே மாற்ற முடிகிற பிராசஸர். எல்லா கோரும் வேலை செய்யும்போது தானாகவே 3.7 கிகாஹெர்ட்ஸில், 1.2 வோல்ட் அளவில் ஓடும். பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் பக்கத்தில்) போய் அதை 4.1 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட் என்று வைத்தேன். வேகம் 11 சதவீதம் கூடியது. ஆனால் சிப் இழுக்கும் பவர் வேகத்துக்கு ஏற்ப மட்டும் ஏறாது, வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறும். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் சுமார் 40 சதவீதம் கூடுதல் பவர், அதாவது அவ்வளவு கூடுதல் சூடு. அதற்குக் கைம்மாறாக, ஒரு மணி நேர ரெண்டர் 54 நிமிடத்தில் முடிந்தது. 1998-ல் இன்டெல் செலரான் 300ஏ வந்தபோது, பஸ் (சிப்பையும் போர்டையும் இணைக்கும் பாதை) வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினாலே 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் ஓடும். பாதிக்குப் பாதி லாபம். அந்தக் காலத்துப் பேச்சை வைத்துக்கொண்டு இன்றைய சிப்பிடம் அதே லாபத்தை எதிர்பார்க்க முடியாது.

மார்கழியில் எல்லாம் அருமையாகப் போனது. பிரைம்95, சினிபெஞ்ச் என்று பிராசஸரைச் சோதிக்கும் புரோகிராம்கள் எல்லாம் பாஸ். சிப் 78 டிகிரியைத் தாண்டவில்லை. சித்திரை பிறந்ததும் கதை மாறியது. என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. மதியம் அறைக்குள்ளேயே 36, 37 டிகிரி இருக்கும். எவ்வளவு விலையுள்ள கூலர் போட்டாலும் அது அறைக்காற்றை வைத்துத்தான் குளிர வைக்கும். காற்று பத்து டிகிரி ஏறினால் சிப்பும் பத்து டிகிரி ஏறும். 90-ஐத் தொட்டது. என் சிப்புக்கு உச்ச வரம்பே 95.

கம்ப்யூட்டர் நின்றுபோயிருந்தால்கூட அப்போதே கவனித்திருப்பேன். அது நிற்கவில்லை. நீடாமங்கலத்துக் கல்யாணம் ஒன்றின் வீடியோவைக் கொடுத்த மறுநாள் பொண்ணோட தம்பி போன் செய்தார்: "அண்ணே, தாலி கட்டுற இடத்துல பச்சையா ஒரு பட்டை அடிச்சுட்டுப் போகுதுண்ணே." ஃபைலைத் திறந்து ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். மாப்பிள்ளையின் கை மாலைக்குப் பின்னால் போகிற இடத்தில் ஒரே ஒரு ஃப்ரேம். அதன் கீழ்ப் பாதியில் சின்னச் சின்னப் பச்சைக் கட்டங்கள். கேமரா ஒரிஜினலில் அந்த ஃப்ரேம் சுத்தமாக இருந்தது. திரும்ப ரெண்டர் போட்டேன். அந்த இடம் சரியானது, வேறொரு இடத்தில் கட்டங்கள் வந்தன. ஓவர்கிளாக்கை எடுத்துவிட்டுப் போட்டேன், எங்கேயும் வரவில்லை.

சாஃப்ட்வேரில் கோளாறு என்றால் பெரும்பாலும் அதே இடத்தில்தான் வரும். இடம் மாறி மாறி வந்தால் ஹார்டுவேரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூயரில் போய்ப் பார்த்தால் 'வீயா லாகர்' (WHEA-Logger, ஹார்டுவேர் பிழைப் பதிவு) என்ற பெயரில், தானே பிழை பிடித்துத் திருத்திக்கொண்டதாக வரிசையாகப் பதிவுகள். பிடிபட்ட பிழைகள்தான் அங்கே பதிவாகின்றன. பிடிபடாமல் போனவை வாடிக்கையாளரின் பென்டிரைவில் போய்ச் சேர்ந்துவிட்டன. சுருக்கி அடுக்கி வைத்திருந்த பழைய ரார் ஃபைல் ஒன்றும் சிஆர்சி எரர் (உள்ளே இருக்கும் டேட்டா சரிபார்ப்பில் பொருந்தவில்லை) என்று திறக்க மறுத்தது. ஓவர்கிளாக் என்றால் சிப் கருகிவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் அனுபவித்த நிஜமான ஆபத்து இதுதான்: ஓடிக்கொண்டே தப்பாகக் கணக்குப் போடுவது.

கம்பெனி ஏன் 3.7-ல் நிறுத்தியது என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. ஆற்றுக் கரையை ஆடிப் பெருக்குத் தண்ணீர் மட்டத்துக்கே கட்டி நிறுத்துவதில்லை, அதற்கு மேலேயும் உயர்த்துகிறோம். அந்த உயரம் வெள்ள நாளுக்கானது. சிப்பில் விட்டுவைத்திருக்கும் இடைவெளியும் அப்படித்தான். அக்னி நட்சத்திர மதியத்துக்கும், தூசி அடைத்த கூலருக்கும், ஐந்தாறு வருடம் ஓடித் தேய்ந்த சிப்புக்கும் சேர்த்து வைத்தது அது. நான் அதை எடுத்து அன்றாடச் செலவுக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

தேய்மானம் என்று சும்மா சொல்லவில்லை. சிப்புக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிகளில் கரண்ட் அடர்த்தி கூடக் கூட, அது உலோக அணுக்களையே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகும். இதை எலக்ட்ரோமைக்ரேஷன் என்பார்கள். சூடு கூடினால் இது வேகமெடுக்கும். டிரான்சிஸ்டர்களும் வயதாக ஆக, அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். எனக்கு 1.35-ல் நின்ற 4.1 பிற்பாடு 1.375 கேட்டது. கூட்டினால் சூடு கூடும், சூடு கூடினால் தேய்மானம் கூடும். 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்களில் வந்த பிரச்சினையை நினைத்துப் பாருங்கள். அங்கே பயனர் எதையும் தொடாமலேயே தேவைக்கு மேல் வோல்டேஜ் போனது. புது மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் கட்டுப்பாட்டு நிரல்) கொடுத்தார்கள், வாரன்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். ஆனால் அதற்கு முன்பே பழுதான சிப்பை எந்த மைக்ரோகோடும் மீட்காது. நாமே வோல்டேஜைக் கூட்டிக் கெடுத்துக்கொண்டாலோ வாரன்டியும் கிடைக்காது.

அப்புறம் தூசி. தை அறுவடை முடிந்து நெல் லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் கொள்முதல் நிலையத்துக்குப் போகும். பங்குனியில் கூலர் ஃபேனைக் கழற்றினால் தகடுகளுக்கு நடுவே பொன்னிறச் சுணை படிந்து, ஈரக்காற்றில் பிடித்து, கம்பளித் துணிபோல உரிந்து வரும். சாதாரண வேகத்தில் அது நாலைந்து டிகிரி விவகாரம். உச்சத்தில் ஓட்டும்போது அந்த நாலைந்து டிகிரிதான் ரெண்டர் முடியுமா நிற்குமா என்று தீர்மானிக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதர்போர்டையும் மறக்க வேண்டாம். பிராசஸருக்கு வோல்டேஜ் தரும் விஆர்எம் பகுதியில் ஹீட்சிங்க் இல்லாத மலிவு போர்டில் ஓவர்கிளாக் பக்கமே போகக்கூடாது. போர்டில் இருக்கும் சாதாரண கெபாசிட்டர்களுக்கு சூடு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. ஓவர்கிளாக்கில் கூடுதல் பவர் இழுப்பதால், கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்கும் நேரமும் குறைகிறது.

இப்போது என் சிப் 3.7-ல்தான் ஓடுகிறது. வோல்டேஜைத் துளித்துளியாக 1.15 வரை இறக்கி, ஒவ்வொரு படியிலும் பழைய கல்யாண வீடியோ ஒன்றை இரண்டு முறை ரெண்டர் செய்து இரண்டு ஃபைலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போனேன். வெயில் காலத்திலும் 75 டிகிரியைத் தாண்டுவதில்லை. வேகம் வேண்டும் என்றால் அந்தக் காசைக் கூடுதல் கோர் உள்ள பிராசஸருக்குப் போடுங்கள். கேம் மட்டும் விளையாடுகிறவர், கெட்டாலும் நஷ்டமில்லை என்கிறவர் செய்து பார்க்கலாம், அதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது, மறுக்கவில்லை. பிறர் வீட்டு முகூர்த்தமோ, கடைக் கணக்கோ, பிள்ளைகளின் பிராஜெக்டோ அந்த மெஷினில் இருந்தால் வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் பிராசஸர் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: ஓவர்கிளாக்கில் ஓடியதா என்பது வெளியே பார்த்தால் தெரியாது. விற்கிறவர் அரை மணி நேர டெஸ்ட் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பயாஸை டிஃபால்ட்டுக்கு மாற்றச் சொல்லி, சில மணி நேரம் முழு லோடில் ஓடவிட்டு, ஈவென்ட் வியூயரில் வீயா பதிவு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். முடிந்தால் காலையில் அல்ல, மதியம் இரண்டு மணிக்குப் போங்கள்.