பூட்டிய வீட்டுக்கு வெளிச்சம் போட்டுக் கொடுத்தவன் நான்தான்

பக்கத்து வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறதா? வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறாரா? அப்படியென்றால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சுருக்கிச் சொன்னால் "இவ்வளவு பெரிய ஏமாளியா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். எப்படி ஏமாளி ஆனேன் என்பதுதான் இதில் விஷயமே.

எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். தெருவில் பத்து வீடு என்றால் ஏழு பூட்டிக் கிடக்கும். நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு அடுத்த வீடு செட்டியார் வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், அவ்வளவு நீளம். அண்ணன் தம்பி இரண்டு பேர்: பெரியவர் சென்னையில், சின்னவர் கோலாலம்பூரில். வருஷத்துக்கு ஒருமுறை படைப்புக்கு, அதாவது முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிட, எல்லாரும் வந்து இறங்குவார்கள். இரண்டு நாள் வளவு (வீட்டின் நடு முற்றம்) முழுக்கச் சத்தமும் சமையலுமாக இருக்கும். மூன்றாம் நாள் மறுபடி பூட்டு. ஒரு சாண் நீள இரும்புச் சாவி என் வீட்டுச் சாமி அலமாரியில் தூங்கும்.

சாவியோடு இன்னொன்றும் என்னிடம் இருந்தது. அந்த வீட்டின் பீஸ் கேரியர், அதைப் பிடுங்கிவிட்டால் வீட்டுக்குள் கரண்ட் போகாது. என் யோசனைதான் அது. பழைய ஒயரிங், எலி கடித்து ஒரு பொறி கிளம்பினால் போதும், மேலே அத்தனையும் பர்மாத் தேக்கு. அதனால் அவர்கள் கிளம்பிப் போனதும் மெயினை ஆஃப் செய்து, கேரியரைப் பிடுங்கி, துணியில் சுற்றி என் மேசை டிராயரில் வைத்துவிடுவேன். அந்த வீட்டுக்கு நான் செய்கிற பெரிய காவல் இது என்று எனக்குள் ஒரு பெருமையும் உண்டு.

போன ஐப்பசியில், மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி. மணி பதினொன்று இருபது. வீட்டம்மா எழுப்பி, "அடுத்த வீட்டுக்குள்ள லைட்டு அடிக்குதுங்க" என்றாள். திண்ணைக்கு வந்து பார்த்தேன். முகப்பில் ஒரு குட்டியானை வண்டி நிற்கிறது. கதவுப் பக்கம் டார்ச் வெளிச்சம். நாலு பேர். நம்பர் பிளேட்டில் சேறு. டி.என். 63 என்பது மட்டும்தான் கண்ணுக்குப் பட்டது, அது எங்கள் மாவட்டம் முழுக்க ஓடுகிற நம்பர்.

டார்ச்சையும் பழைய கட்டிங் பிளேயரையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். முதல் தப்பு அது. "யாருப்பா அது, இந்த நேரத்துல?" என்று சத்தம் போட்டேன். ஓடுவார்கள் என்று நினைத்தேன். ஓடவில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தர், நெற்றி நிறைய விபூதி, கக்கத்தில் டைரி, நேராக என்னிடம் வந்து கும்பிட்டார்.

"லைன்மேன் ஐயாதானுங்களே? உங்களைத்தான் எழுப்பணும்னு நின்னுக்கிட்டிருந்தோம். சாவி உங்ககிட்டதான் இருக்குன்னு சின்னவர் சொன்னாரு."

என் வேலை தெரிந்திருக்கிறது, சாவி தெரிந்திருக்கிறது, சின்னவரைத் தெரிந்திருக்கிறது. பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. இரண்டாங்கட்டுக் கதவுகளில், அதாவது வளவுக்கு அடுத்த பகுதியில் உள்ள கதவுகளில், கரையான் வந்திருக்கிறதாம். படைப்புக்கு முன்னால் மருந்தடித்துப் பாலிஷ் போட்டுத் திரும்ப மாட்ட வேண்டுமாம். "பகல்ல வர வேண்டியதுதானே?" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "பங்காளிங்க பார்த்தா யாரைக் கேட்டுக் கழட்டுறேன்னு கிளம்புவாங்கய்யா. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்ததுதான். இங்கே ஒரு வீட்டுக்கு எத்தனை பங்கு, ஒரு ஓடு மாற்ற எத்தனை பேர் சம்மதம் வேண்டும் என்பதெல்லாம் இந்தத் தெருவில் குடியிருப்பவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ராத்திரியில் வந்ததற்கு இதைவிட நல்ல காரணம் வேறு இருக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதும் ஒரு வார்த்தை கேட்டேன், அதை மறைக்க மாட்டேன். "சின்னவர்கிட்ட நான் பேசணும்." இதற்கும் தயாராகத்தான் இருந்தார்கள். "தாராளமாப் பேசுங்க" என்று தன் போனில் வாட்ஸப்பில் கூப்பிட்டு என் காதில் வைத்தார். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்கள். "அண்ணே, நல்லாயிருக்கீங்களா? நான்தான், மலேசியாவுல இருந்து. ஆமாண்ணே, நம்ம ஆளுங்கதான். அப்பா காலத்துக் கதவு, விட்டா வீணாப் போயிடும். பெரியண்ணனுக்கு இப்பச் சொல்ல வேண்டாம், படைப்புக்கு வரும்போது பார்த்து அசரட்டும்."

மழைச் சத்தம், லைன் கரகரப்பு. குரல் அவருடையது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இரண்டு விஷயம் அந்த நிமிஷமே என்னை நிறுத்தியிருக்க வேண்டும். இங்கே பதினொன்று இருபது என்றால் கோலாலம்பூரில் அதிகாலை ஒன்று ஐம்பது. அந்த நேரத்தில் இரண்டாவது ரிங்கில் எடுத்துத் தூக்கக் கலக்கமே இல்லாமல் பேசுகிறவர் யார்? இன்னொன்று அதைவிடப் பெரியது. செட்டியார் வீட்டுப் பிள்ளைகள் தகப்பனாரை "அப்பச்சி" என்றுதான் சொல்வார்கள். சின்னவருக்கு அறுபது நெருங்குகிறது, இன்றைக்கும் பேச்சுக்குப் பேச்சு அப்பச்சிதான். "அப்பா காலத்துக் கதவு" என்று காதில் விழுந்தபோது உள்ளே ஏதோ ஒன்று இடறியது. வெளிநாட்டுப் பழக்கம் போல என்று நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டேன். அவருடைய நம்பர் என் போனில் இருக்கிறது. என் போன் சட்டைப்பையில் இருக்கிறது. போட்டுப் பார்க்கவில்லை. பேசி முடித்தவரையே மறுபடி கூப்பிட்டால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகுமே என்ற கூச்சம்.

சாவியைக் கொடுத்தேன். அத்தோடு விட்டேனா? இருட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு கீல் கழற்றத் தடுமாறுகிறார்களே என்று, டிராயரிலிருந்து பீஸ் கேரியரை எடுத்துவந்து நானே மாட்டி, மெயினைப் போட்டு, வளவு விளக்கையும் இரண்டாங்கட்டு விளக்கையும் எரியவிட்டேன். வீட்டம்மா ஒரு செம்பில் கடுங்காப்பி கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு என் காதோரம் ஒன்று சொன்னாள்: "செருப்பைக் கழட்டாமப் போறாங்க பாருங்க." மழைச் சேறு மிதித்த செருப்போடு ஆத்தங்குடிக் கல் மேல் நடந்துகொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் எந்த ஆசாரியும், எந்தக் கொத்தனாரும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. "கூலிக்காரங்கடி, விடு" என்றேன்.

ஒன்றரை மணி நேரம். இரண்டு ஜோடி வேலைப்பாட்டுக் கதவு. ஊஞ்சல் பலகை, அதன் பித்தளைச் சங்கிலியோடு. "இதுக்கும் பாலிஷ்" என்றார்கள். பெல்ஜியம் கண்ணாடி இரண்டு, ரசம் போயிருக்கிறதாம். ஒரு சாக்கு நிறைய மங்குச் சாமான் (பீங்கான் பாத்திரங்கள்) போனதை நான் பார்க்கவே இல்லை, பிறகுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் கம்பளியில் சுற்றிப் பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஏற்றினார்கள். அந்தப் பதவிசைப் பார்த்து "தொழில் தெரிந்த ஆட்கள்" என்று மெச்சினேன். தொழில் தெரிந்தவர்கள்தான்.

பதினைந்து நாளில் வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. என்னிடம் அவர்கள் நம்பர் கிடையாது, பேசியதுதான் அவர்கள் போனில் ஆயிற்றே. பத்தொன்பதாம் நாள் சின்னவரை என் போனில் கூப்பிட்டேன். "கதவு எப்ப வரும்?" என்றேன்.

"என்ன கதவுண்ணே?"

சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "நாம பேசி ஆறு மாசம் இருக்குமேண்ணே" என்றார். அப்புறம் மெதுவாக, "அப்பச்சி ரூம்புக் கதவையுமா?" என்றார்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

இவ்வளவு விவரம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பதில் என்னிடமே இருந்தது. ஆவணியில் இரண்டு பையன்கள் கேமராவோடு வந்தார்கள். பழைய வீடுகளைப் படம் எடுக்கிறோம் என்றார்கள். அதில் அதிசயமில்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறியதிலிருந்து கேமரா இல்லாத வாரமே இங்கே கிடையாது. நானே திறந்து காட்டினேன். இது பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, இது ஆச்சி சீராகக் கொண்டுவந்த கண்ணாடி, பெரியவர் இங்கே, சின்னவர் அங்கே, பங்காளிகளுக்குள் கொஞ்சம் சரியில்லை, சாவிக்கு நான்தான் பொறுப்பு, நான் லைன்மேன். எல்லாம் என் வாயால் சொன்னது. ஐப்பசி ராத்திரியில் அந்த விபூதிக்காரர் எனக்குச் சொன்னது நான் சொன்ன கதையைத்தான். அந்தப் பையன்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் வேறு யாரிடமும் அதையெல்லாம் ஒரே மூச்சில் நான் சொன்னதில்லை.

அடுத்தது போலீஸ். புகார் எழுதிக்கொண்டு போனால் முதல் கேள்வி, "நீங்கதானே திறந்துவிட்டீங்க, அப்புறம் எப்படிக் களவு?" இரண்டாவது, "வீட்டுக்காரர் வரட்டும், அவர்தான் புகார் கொடுக்கணும்." சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அது மனு வாங்கியதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். பெரியவர் சென்னையிலிருந்து வந்து நின்ற பிறகு, நாலாம் நாள்தான் எஃப்.ஐ.ஆர். ஆனது. அதுவரை அங்கே என்னைப் பார்த்த பார்வையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. எங்களுக்கு வழிகாட்டிய வக்கீல் பிறகுதான் சொன்னார்: வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தது தெரிந்த யாரும் தகவல் கொடுக்கலாம், வீட்டுக்காரராக இருக்க வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் இருக்கிற புதிய நடைமுறைச் சட்டத்தில் 173ஆம் பிரிவு. பதிய மறுத்தால் மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். வேறொருவர் என்று சொல்லி ஏமாற்றினால் அது ஆள்மாறாட்ட மோசடி, நாமே கதவைத் திறந்துவிட்டிருந்தாலும் குற்றம் குற்றம்தான்.

மெயின் ரோட்டுக் கடை ஒன்றில் கேமரா இருந்தது. போய்க் கேட்டோம். பதினைந்து நாள் ஆனால் பழைய பதிவு தானாக அழிந்துவிடுமாம். பங்காளிகளுக்குத் தெரியக்கூடாது, பெரியவருக்குத் தெரியக்கூடாது என்று அவர்கள் என்னை ஏன் வாயடைக்க வைத்தார்கள் என்பது அந்தக் கடை வாசலில்தான் உறைத்தது.

மரக்கதவுதானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத பழமை இருந்தால், கட்டடத்திலிருந்து கழற்றிய பொருளும் தொல்பொருள் கணக்கில் வரலாம். அதை விற்கிற தொழிலுக்கு உரிமம் வேண்டும். புகாரில் "பழைய கதவு 2" என்று எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்த வருஷத்து வீடு, என்ன மரம், எத்தனை அடி, என்ன வேலைப்பாடு என்று போட்டோவோடு எழுத வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு பழைய கல்யாண ஆல்பம். மாப்பிள்ளை பொண்ணுக்குப் பின்னால் அந்தக் கதவு பாதி தெரிந்தது. அதுதான் கடைசியில் ஃபைலில் போயிருக்கிறது. சாவி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போய் ஒவ்வொரு கதவையும் தூணையும் கண்ணாடியையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

"நாலு பேரையும் கட்டிவச்சு உதைச்சிருக்கணும்" என்று டீக்கடையில் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். கடப்பாரை வைத்திருந்த நாலு பேரை ரிட்டயர்டு ஆள் எப்படிக் கட்டுவது என்று யாரும் சொல்லவில்லை. சட்டமும் அப்படி இல்லை. கண்ணெதிரே பெரிய குற்றம் நடந்தால் பொதுமக்கள் பிடித்துவைக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். அடிக்க உரிமை கிடையாது. நான் செய்திருக்க வேண்டியது அதைவிடச் சின்ன வேலை. தெருவை விட்டு இறங்காமல் 112க்கு ஒரு போன். எதிர்வீட்டுக்காரரை எழுப்ப ஒரு குரல். வண்டியை ஒரு போட்டோ. அப்புறம் சின்னவரின் நம்பரை என் போனில், என் விரலால் போட்டிருக்க வேண்டும். அவர்கள் நீட்டிய போனில் யார் பேசினால் என்ன, பேசினவர் அவர்களுடைய ஆள்தானே. தூக்கத்தில் எழுப்பினால் வீட்டுக்காரர் கோபப்படுவார் என்று பார்க்காதீர்கள்.

எதுவும் இன்னும் கிடைக்கவில்லை. இரண்டாங்கட்டில் கதவு இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். மீட்டரைப் பார்த்தேன், அன்றைக்கு நான் எரியவிட்ட விளக்குகளுக்கு ஒரு யூனிட்கூட ஏறவில்லை.

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு, தெருக்கோடியில் இன்னொரு பூட்டிய வீட்டில் வெளிச்சம். இந்தத் தடவை எதிர்வீட்டுப் பையன்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். பேன்ட் போட்ட ஒருத்தர், கையில் சூட்கேஸ், கோயம்புத்தூரில் இருக்கிற வீட்டுக்காரரின் மருமகன் என்றார். "இருங்க தம்பி" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டு, கோயம்புத்தூருக்கு என் போனில் போட்டேன். நாலு தடவை எடுக்கவில்லை. அவர் தன் போனை நீட்டி, "மாமா பேசுறார், பேசுங்க" என்றார். வாங்கவில்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஐந்தாவது தடவை வீட்டுக்காரர் என் போனில் எடுத்து, "ஆமாம்பா, என் மருமகன்தான், சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, விடுவிடுவென்று படியேறினார். திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வீட்டம்மாதான் சொன்னாள்: "செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போறாருங்க."